கைடு பெயரில் நான் எழுதிய மதிப்பீடு

அந்த ஆய்விதழின் அட்டையைப் பார்த்தாலே இப்போதும் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

வளிமண்டல ஆராய்ச்சிக்கென்றே வரும் பெரிய இதழ் அது. வெளியிடலாமா வேண்டாமா என்று கேட்டு மற்றவர்களின் கட்டுரைகளை, என் ஆராய்ச்சிக்குக் கைடாக இருந்த பேராசிரியருக்கு அனுப்புவார்கள். அவர் அதை எங்கள் தலையில் கட்டிவிடுவார். ஆராய்ச்சி மாணவர்களான நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டு மதிப்பீடு எழுதுவோம். கீழே அவர் பெயர் போகும். திருவனந்தபுரத்தில் எங்கள் துறையில் மட்டும்தான் இந்தக் கூத்து என்று நினைத்திருந்தேன். எல்லா இடத்திலும் இதுதான் வழக்கமாம்.

அப்படி ஒருமுறை மலைச்சரிவு மழையைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவள் ஏதோ சின்னக் கல்லூரி மாணவி. பக்கத்து மலையான போனக்காட்டில் பெய்யும் மழையை வைத்து நான் எழுதிக்கொண்டிருந்ததும் அதே விஷயம்தான். என் கட்டுரை அச்சில் வந்தால்தான் எனக்கு டாக்டர் பட்டம். அவளோ என்னைவிட நன்றாக எழுதியிருந்தாள். வயிறு எரிந்தது. ஆனாலும் வெளியிடலாம் என்றுதான் எழுதினேன். சில சின்னத் திருத்தங்கள் மட்டும் சொல்லியிருந்தேன்.

மலையாளியான கைடு படித்துவிட்டுச் சிரித்தார். "இதென்ன மோளே, கல்யாணத்துல வாசிக்கிற வாழ்த்துமடல் மாதிரி இருக்கு? நம்மளோடது முதல்ல வரவேண்டே? இது இங்க கெடக்கட்டும், கேட்டியா."

கிடந்தது. இதழிலிருந்து நினைவூட்டல் வரும்போதெல்லாம் உடம்பு சரியில்லை என்று பதில் போட்டார். அதற்குள் அவர் பெயரும் சேர்ந்த எங்கள் கட்டுரை வேறொரு இதழுக்குப் போய் ஏற்கப்பட்டும் விட்டது. பிறகு என் சின்னத் திருத்தங்களைப் பெரிய குற்றங்களாக ஊதி, 'புதிதாக எதுவும் இல்லை, இதே விஷயம் வேறிடத்தில் வரவிருக்கிறது' என்று முடித்து, அவள் கட்டுரையை நிராகரிக்கச் சொல்லி அனுப்பினார். அதை என்னிடமே பெருமையாகக் காட்டினார். பாதிக்குமேல் என் வாக்கியங்கள். சீ என்றிருந்தது.

"கட்டுரைலேர்ந்து என் பேரை எடுத்துடுங்கோ, சார்."

"எடுத்தா உன் பட்டத்துக்கு எந்தா செய்யும்?"

"எடுத்துடுங்கோ."

எடுத்தார். ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. கரமனை வீட்டில், பட்டம் தள்ளிப்போயிற்றே என்று அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். நான் வேறு தலைப்பில் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அடுத்த வருஷம் அந்த ஆய்விதழ் கைடுக்குச் சிறந்த மதிப்பீட்டாளர் என்று சான்றிதழ் அனுப்பியது. நுணுக்கமான கருத்துகளுக்காகவாம்! துறையே கைதட்டியது. அவர் லட்டுத் தட்டோடு என் மேஜைக்கும் வந்தார்.

"இதில உன் பங்கும் உண்டு மோளே."

அந்த மனிதர் என்னிடம் சொன்னதிலேயே உண்மை அது ஒன்றுதான்.