மூன்று நாற்பதிலிருந்து மூன்று நாற்பத்தேழு வரை

வாக்குப்பதிவு நடந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு லேப் அக்கா தன் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்து, வாக்குச்சாவடியாக மாறியிருந்த வகுப்பறைக்கு வெளியே போனார். மூன்று நாற்பத்தேழுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மடியிலிருந்த படிவத்தைத் திருப்பிப் பிடித்து, இதற்கென்று கட்டம் எதுவும் இல்லாததால், ஓரத்தில் மேலிருந்து கீழாக எழுதினார்: "3.40 முதல் 3.47 வரை நான் இருக்கையில் இல்லை. பெட்டியைப் பார்க்கவில்லை."

போனது கழிப்பறைக்கு. காலை ஆறரையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் தேர்தல்களைக் கவனிக்கக் குடிமக்கள் குழு ஒன்று இருக்கிறது. எந்தக் கட்சியையும் சேராதவர்கள். சாவடிக்கு ஒருவராகப் பொழுதெல்லாம் உட்கார்ந்து, பெட்டியைப் பூட்டியது எப்போது, வரிசை எங்கே கலைந்தது, யார் யாரிடம் குரலை உயர்த்தினார் என்று எழுதித் தர வேண்டும். பேசக்கூடாது. எதையும் தொடக்கூடாது. அக்காவுக்கு இதைவிடப் பொருந்தாத வேலை கிடையாது. உட்காரவே தெரியாதவர் அவர். ரொட்டியை நடந்துகொண்டே தின்பார். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும், அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவர் மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி நிறுத்தம்வரை நிற்பார். "பத்து மணி நேரம் எப்படிக்கா உட்கார்ந்தீங்க?" என்று கேட்டால், "நான் எங்க உட்கார்ந்தேன்? செருப்புக்குள்ள கட்டைவிரல் ஊரையே சுத்திட்டு வந்துச்சு" என்பார்.

பிழைப்புக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறார். காலையில் அந்தப் பக்கம் போனால் இந்த விசாரணை தெருவரை கேட்கும்.

"சாப்பிடாமத்தானே வந்தீங்க?"

"ஆமாங்க. வெறும் டீ மட்டும்."

"டீ?"

"சர்க்கரை போடலைங்க."

"பால்?"

"அது... கொஞ்சூண்டு."

"நாளைக்கு வாங்க."

பொய் சொல்கிறவர்கள் மேல் அவருக்குக் கோபம் கிடையாது. "எங்கிட்ட என்ன வேணா சொல்லிக்கட்டும். அப்புறம் டாக்டர் இல்லாத நோய்க்கு மருந்து எழுதுவாரு, குடிக்கப்போறது இவங்கதானே?"

பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பியபோது, பெட்டியைப் பிரிக்கும் முன்னே கையில் வாக்காளர் பட்டியலோடு வாசலில் நின்றவர் அவர்தான். "பட்டியல்ல உன் பேரு இல்ல, தெரியுமா? உங்கம்மா நாலு வருஷமா 'வந்துருவா, வந்துருவா'ன்னாங்க. பட்டியலைச் சரிபார்க்கிறப்போ நான் 'ஊரில் இல்லை'ன்னு போட்டுக் குடுத்துட்டேன். கோச்சுக்காதே. போய்ப் புதுசா எழுதிக் குடு." கோபித்துக்கொள்ளலாமா என்று நான் யோசிப்பதற்குள் பக்கத்து வீட்டு மணியை அடித்துவிட்டார்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை நூலக மாடியில் குழுவின் பேச்சுக் கூட்டம் நடக்கும். ஆளுக்கு மூன்று நிமிடம். எதிர்த்துப் பேச விரும்புகிறவர், தனக்கு முன்னால் பேசியவர் சொன்னதை முதலில் அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். நேரம் பார்க்கிறவர் அக்கா. நாற்காலிகளுக்கு நடுவே நடந்துகொண்டே பார்ப்பார். சாக்கடைப் பிரச்சினையில் ஒரு முறை ஆட்டோ டிரைவர் ஒருவர் பேசி முடித்ததும் மருந்துக்கடைக்காரர் துள்ளி எழுந்தார்.

"முதல்ல டிரைவர் என்ன சொன்னாருன்னு சொல்லுங்க" என்றார் அக்கா.

"அவரு உளறுறாருங்க!"

"அது உங்க கருத்து. அவர் சொன்னதைச் சொல்லுங்க."

"அதான் சொல்றேனே, உளறல்னு."

"ரெண்டே முக்கால் நிமிஷம் இருக்கு. நிதானமா யோசிங்க."

மருந்துக்கடைக்காரர் யோசித்தார். அவருக்கு ஞாபகமில்லை. டிரைவரைப் பார்த்து, "இன்னொரு தடவை சொல்லுய்யா" என்றார். அன்று சாக்கடை ஒரு அங்குலமும் நகரவில்லை என்றாலும் கூட்டம் அடிதடி இல்லாமல் முடிந்தது.

இப்படிப்பட்டவரின் தங்கை கணவர்தான் எங்கள் வார்டில் போட்டியிட்டார். அந்தச் சாவடிக்குத் தன்னை அனுப்பக்கூடாது என்று அக்கா எழுதியே கொடுத்தார். ஆனால் வேறு யாரை நிறுத்தினாலும் இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் எதிர்த்தரப்புக்காரர்களே வந்து, "லேப் அக்கா இருக்கட்டும், அவங்க யாருக்காகவும் மாத்தி எழுத மாட்டாங்க" என்று கையெழுத்துப் போட்டார்கள்.

தங்கை கணவர் ஒன்பது ஓட்டில் ஜெயித்தார்.

மறுநாள் படிவங்களைக் குழுவின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அதுதான் வழக்கம். ஒருங்கிணைப்பாளர் அந்த ஓரத்து வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அக்கா, இப்படி ஒரு கட்டமே படிவத்துல இல்லியே. எழுதணும்னு அவசியமில்ல."

"நடந்துச்சா, இல்லியா?"

"நடந்துச்சுதான். ஒன்பதே ஓட்டு. கொஞ்சம் யோசிங்க."

"நான் இதை எழுதுனப்போ எண்ணவே ஆரம்பிக்கலையே."

படிவம் பலகைக்குப் போனது. தோற்றவர்கள் மாலைக்குள் அதைப் படமெடுத்து மனு போட்டார்கள். விசாரித்தபோது, அதே ஏழு நிமிடத்தில் சாவடி அலுவலரும் எதிர்த்தரப்பு முகவரும் வாசலில் நடந்த தகராறைத் தீர்க்கப் போயிருந்தது தெரிந்தது. பெட்டியோடு அறையில் இருந்தது தங்கை கணவரின் முகவர் ஒருவர் மட்டுமே. அவர் கை வைத்தார் என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. வைக்கவில்லை என்று சொல்லவும் ஆளில்லை. அந்தச் சாவடிக்கு மட்டும் மறு வாக்குப்பதிவு நடந்தது. தங்கை கணவர் முப்பத்தொரு ஓட்டில் தோற்றார்.

அக்காவும் தங்கையும் தினம் காலை ஏழு மணிக்குப் போனில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டால்தான் இருவருக்கும் பொழுது விடியும். தோற்றதற்கு மறுநாள் தங்கை போன் செய்யவில்லை. நேரே பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். வரிசையில் ஆறு பேர் இருந்தார்கள். அம்மாவோடு நானும் இருந்தேன்.

"எதிரிகூட இதைச் செய்ய மாட்டான். நீ எழுதிக் குடுத்திருக்கே."

"பாத்ரூம் போனேன்டி."

"அதைக் கொஞ்சம் அடக்க முடியலையா உனக்கு?"

"ஒன்பது மணி நேரம் அடக்குனேனே."

"சரி, போனே. அதை ஏன் எழுதுனே? யாரு கேட்டா உன்னை?"

அக்கா கையிலிருந்த கண்ணாடிக் குழாயை ஒரு தாங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார். பிறகு பழைய இடத்துக்கே மாற்றினார். தங்கை படியிறங்கிப் போய்விட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

ஊர் சும்மா இருக்குமா? தங்கை கணவருக்குப் போன் செய்யத்தான் வெளியே போனார் என்றார்கள் சிலர். எதிர்த்தரப்புக்கு விலைபோய்விட்டார் என்றார்கள் மற்றவர்கள். "ஏழு நிமிஷத்துல ரெண்டு வேலையும் பாத்தேனாம். அவ்வளவு சாமர்த்தியம் இருந்தா நான் ஏன் இங்க ஊசி குத்திட்டு இருக்கேன்?" என்று சிரித்தார் அக்கா. வீட்டில் சிரிப்பு இல்லை. "வயித்து வலின்னு ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருந்தா என்ன?" என்று வேன் ஓட்டுகிற அவர் கணவர் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார். காலை ஏழு மணிக்கு அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பதை எங்கள் ஜன்னலிலிருந்து பார்க்கலாம். தங்கை எடுக்க மாட்டார் என்று தெரிந்தும் தினம் ஒரு முறை அழைப்பார். அந்தக் கோடையில் தங்கை கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். சாமான் ஏற்றிய லாரியை அக்கா தெருமுனைவரை வேகமாகப் பின்தொடர்ந்து போய், தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர் போலத் திரும்பினார். நூலக மாடிக் கூட்டத்துக்கு மட்டும் ஒரு மாதமும் தவறவில்லை.

ஒன்றரை வருடம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணி பன்னிரண்டு தாண்டியிருக்கும். அம்மாவின் ரிப்போர்ட்டை வாங்க நான் காத்திருந்தேன். பருத்த மனிதர் ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் புஜத்தில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, பஞ்சால் துடைத்த நேரத்தில் போன் சிணுங்கியது. எட்டிப் பார்த்தவர், ஊசியை அப்படியே தட்டில் வைத்தார். படித்து முடித்ததும் போனை என்னிடம் நீட்டினார், எழுத்து சரியாகத் தெரியாதவர் போல.

தங்கையின் செய்தி. "இங்க இன்னைக்குத் தேர்தல். பார்வையாளரா உட்கார்ந்திருக்கேன். அவருக்குப் பிடிக்கல, ஆனா வந்துட்டேன். அஞ்சு மணி நேரம் ஆச்சு. பாத்ரூம் போகணும். என்ன எழுதணும்?"

அக்கா போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, இரண்டு கட்டைவிரலாலும் தட்டினார். "போற நேரம் எழுது. வந்த நேரம் எழுது. நடுவுல பெட்டியைப் பாக்கலைன்னு எழுது. சீக்கிரம் போ."

பருத்த மனிதர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "அக்கா, குத்தலையா?" என்றார்.

"இருங்க. ஒரு ஆள் வெளிய போயிருக்கு, வந்துரட்டும்" என்று சொல்லி, அவர் கையில் கட்டியிருந்த பட்டையை அக்கா அவிழ்த்துவிட்டார்.