அக்காவின் மஞ்சள் சேலைக்கு வந்த பூச்சி

போன செவ்வாய்க்கிழமை என் அக்காவுக்கு முன்னால் ஒரு சர்க்கார் அதிகாரி தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். வியர்வை துடைக்க அல்ல – மரியாதைக்கு! கோயமுத்தூரில் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டேன். உங்களை மட்டும் விடுவேனா?

அக்கா பொன்னம்மாளைப் பெரியநாயக்கன்பாளையத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மச்சானின் தோட்டத்தில் கிணற்றை ஒட்டிய கால் ஏக்கரில் அவள் முள்ளங்கி போடுவாள். அவள் ராஜ்யம் அது. ஆனால் இரண்டு வருஷமாகக் கறுப்புப் புழு விழுந்து, இலையெல்லாம் சல்லடையாகி, கிழங்கே பிடிக்கவில்லை. ஊரைச் சுற்றிப் பஞ்சு மில் முளைக்கிற காலம்... மச்சானுக்கோ பருத்தி ஆசை.

"இந்த வாட்டியும் போச்சுன்னா பருத்தி போட்டுருவேன் அம்மிணி. அப்பறம் மூக்கைச் சிந்தக் கூடாது, சொல்லிப்போட்டேன்" என்றார்.

அக்கா பதிலே பேசவில்லை. பேசவில்லை என்றால் கோபம் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து நான் பட்டிருக்கிறேன்.

மாரியம்மன் நோம்பி வந்தது. மஞ்சள் நீரில் நனைத்த சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்தவள், அதை முள்ளங்கிப் பாத்தி ஓரத்து வேலியிலேயே காயப் போட்டாள். அங்கேதான் வந்தது வினை! கறுப்புத் தலையும் ஆரஞ்சு உடம்புமாக ஈ மாதிரிப் பூச்சிகள் சேலையைத் தேடி வந்தன. அப்படியே பாத்தியிலும் இறங்கின. பத்து நாளில் அந்த வரிசை முழுக்கக் கறுப்புப் புழு.

மச்சான் குதித்தார். "உன்ற சேலைதான் அதுகளைக் கூப்புட்டுருக்குது!"

"ஆமாங்க, என்ற சேலைதான் கூப்புட்டுச்சு. அப்ப நாஞ் சொல்ற எடத்துக்கும் கூப்புடுமில்லீங்க?"

மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

இருந்த புழுவையெல்லாம் கையால் பொறுக்கிய அக்கா, சேலையைத் தூரத்து வேலிக்கு மாற்றினாள். பூச்சிகள் வந்தன. வந்த வேகத்தில் பறந்தும் போயின. "உடுங்கக்கா, அதுகளும் வெவரமாத்தான் இருக்குது" என்று கிண்டல் செய்தேன். அவள் நாலு முள்ளங்கி இலையைக் கசக்கிச் சேலையில் தேய்த்தாள். கார நெடி என் மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு வந்த பூச்சிகள்? மீசையால் துணியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டன!

நாமும் அப்படித்தானே? காபி கிளப்புக்குள் போர்டைப் பார்த்து நுழைகிறோம். உட்காருவதா, எழுந்து போவதா என்று சொல்வது சாம்பார் வாசனைதான்.

தினமும் விடிந்ததும், குளிரில் பூச்சிகள் மந்தமாகக் கிடக்கும்போது, சேலையைச் சுருட்டி எடுத்துப் பூச்சிகளைச் சோப்புத் தண்ணீரில் உதறிவிட்டு, புது இலை தேய்த்து மறுபடி வேலியில் விரித்தாள். ஒரு மாதத்தில் பாத்தி பச்சைப் பசேல் என்று நிமிர்ந்தது.

இதைக் கேள்விப்பட்டுத்தான் விவசாய இலாகா அதிகாரி வந்தார். பூதக்கண்ணாடியில் பார்த்தார். அது ஈயே இல்லையாம், குளவிக்கு உறவாம். பெண் பூச்சி, வயிற்று நுனியில் இருக்கும் குட்டி ரம்பத்தால் இலை ஓரத்தை அறுத்து முட்டை வைக்குமாம்.

"தூரத்துல கண்ணு வழி காட்டுமுங்க, கிட்டத்துல மூக்கு. மீசைதானுங்க அதுக்கு மூக்கு" என்றவர், நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "சேலையில புடிக்கிறது யார் யோசனைங்க?"

மச்சான் முன்னால் வந்தார். ஐயோ, தன் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பதறியது.

"பொன்னம்மான்னு எழுதிக்குங்க. எங்கூட்டு அம்மிணிதானுங்க. இந்தக் கால் ஏக்கரும் அவளுதுங்க. என்ன வெக்கோணும்னு இனி அவதான் சொல்லோணும்."

அப்போதுதான் தொப்பி கழன்றது. என் அக்காவுக்கு!

அவள் மட்டும் அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் அல்ல... அதுவும் எனக்குத் தெரியும்.