இரண்டாவது கியரில் கிடந்த வண்டி

வேதசிரோமணி வாத்தியார் தன் வாழ்நாளில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள்தான் வைத்திருந்தார். அறுபத்தேழாம் வருஷத்துப் புல்லட். ராணுவத்தில் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்து, பச்சைப் பெயிண்டைச் சுரண்டிக் கறுப்பு அடித்த வண்டி. எங்களைப் போல நாலு வண்டி மாற்றித் தொலைத்திருந்தால் அவர் கால் நாலு விதத்துக்கும் பழகியிருக்கும். அவர் மனைவி மெட்டில்டாவும் உயிரோடு இருந்திருப்பாள். ஒரே வண்டியோடு வாழ்ந்த மனுஷனை ஊர் மெச்சும். நான் மெச்ச மாட்டேன்.

என் பெயர் பக்தவச்சலம். இரும்புலியூரில் வீடு, குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் ராஜ்தூத், பிறகு யெஸ்டி, எண்பத்தாறில் புத்தம்புது ஆர்.எக்ஸ். நூறு. அதை வாங்கிய பிறகு எனக்கு வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது என்று என் மனைவி சரசு சொல்வாள். அவள் சொன்னது சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டு டீக்கடையில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். நான், மெக்கானிக் சின்னப்பன், டெலிபோன் லைன்மேன் துளசிங்கம், பிறகு ஆராதனை முடிந்து பைபிளும் கையுமாக நேரே வரும் வாத்தியார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். எவன் எந்த வண்டி வைத்திருந்தான், எதை ஏன் விற்றான், விற்ற பிறகு எத்தனை நாள் சோறு இறங்கவில்லை, இதுதான் பேச்சு. விற்ற வண்டியைப் பற்றித் துளசிங்கம் பேசினால், கட்டிக்கொடுத்த பெண்ணைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். வாத்தியாருக்கு விற்ற வண்டி கிடையாது. அதனால் அவர் புல்லட்டைக் கிளப்பும் விதத்தைச் சொல்வார். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெல்ல மிதிக்க வேண்டும், வந்ததும் ஒரே உதை. நூறு தடவை சொல்லியிருப்பார். நாங்களும் நூறு தடவை கேட்டோம்.

பேச்சு முடிந்ததும் சாவித் தட்டு. டீ சாஸர் ஒன்றில் நாலு பேரும் சாவியைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்றை எடுக்க வேண்டும். எது வருகிறதோ அந்த வண்டியில் குன்றத்தூர் மலையடிவாரம் வரை போய்த் திரும்பி, அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு சட்டம் உண்டு. மாற்று வண்டியில் பின்னால் ஆள் ஏற்றக் கூடாது.

அந்தச் சட்டம் வாத்தியார் போட்டது. காரணம் இருந்தது. புல்லட்டுக்கு கியர் வலது காலில், பிரேக் இடது காலில். எங்கள் வண்டிகளுக்கெல்லாம் நேர்மாறு. பதினைந்து வருஷம் புல்லட் ஓட்டிய கால் ஆபத்து வந்தால் மூளையைக் கேட்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் அவர் தட்டில் திருட்டுத்தனமும் செய்வார். அவர் சாவியில் மெட்டில்டா கட்டிய தோல் வார் ஒன்று இருந்தது. விரலால் அதைத் தடவிப் பார்த்துத் தன் சாவியையே எடுத்துக்கொண்டு, "இன்னிக்கும் நம்ம வண்டிதாம்பா" என்று அப்பாவியாக முகத்தை வைத்துக்கொள்வார். கணக்கு வாத்தியாருக்கு வாரா வாரம் ஒரே சாவி எப்படி விழும்? எங்களுக்குத் தெரியாதா என்ன, சிரித்துக்கொண்டு விட்டுவிடுவோம்.

எண்பத்தேழு ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் விடவில்லை. முதல் ஆளாகத் தட்டில் கையை விட்டேன். கண்ணை மூடவில்லை. தோல் வார் கட்டிய சாவியை எடுத்துக்கொண்டேன். அடுத்துக் கையை விட்ட வாத்தியார் தட்டைத் துழாவினார், துழாவினார், கடைசியில் என் ஆர்.எக்ஸ். சாவியை எடுத்தார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த நேரம் பார்த்து மெட்டில்டா வந்தாள். எட்டு வயது மகள் ஞானஜோதியை சண்டே ஸ்கூலில் விட்டுவிட்டு, அனகாபுத்தூரில் அக்கா வீடு வரை போக வேண்டும், எப்படியும் அந்த வழியாகத்தானே போவீர்கள் என்று கேட்டாள்.

"இன்னைக்கு வேற வண்டி விழுந்துடுச்சும்மா. நீ பஸ்ல போயிடேன்" என்றார் வாத்தியார்.

"பல்லாவரத்துல மாறணுமே. ஒரு மணி நேரம் நிக்கணும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "இன்னா வாத்யாரே, நூறு சிசி வண்டிக்கு இப்டி ரோசனை பண்ணிகினு கீறே? தங்கச்சிய ஏத்திகினு போ. ரூலு நம்ம போட்டதுதானே, கவர்மென்ட்டா போட்டுது?"

"கால் பழகலப்பா."

"சைக்கிள் மாரி போயிகினே கீது. இதுக்கு இன்னா பழக்கம் வேணும்?"

மெட்டில்டா சிரித்தாள். "அண்ணாதான் சொல்றாங்கல்ல. மெதுவா போங்க" என்று ஒருபக்கமாக உட்கார்ந்துகொண்டாள்.

நான் புல்லட்டில் அவர்களுக்குப் பின்னாலேயே போனேன், எனக்குப் பின்னால் சின்னப்பனும் துளசிங்கமும். வாத்தியார் நிதானமாகத்தான் ஓட்டினார். பம்மல் தாண்டியதும் ரோடு நேராக இருந்தது, வண்டியும் டாப் கியரில் ஒரே சீராகப் போனது. அப்போது பக்கத்துச் சந்திலிருந்து தோல் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று குறுக்கே வந்தது. வாத்தியாரின் இடது கால் எழும்பி இறங்கியதை நான் பார்த்தேன். திரும்பவும் எழும்பி இறங்கியது. என் வண்டியில் இடது காலுக்குக் கீழே பிரேக் இல்லை, கியர்தான் இருந்தது. இன்ஜின் அலறியது, பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போனது, மெட்டில்டா பின்மண்டை தரையில் பட விழுந்தாள். வாத்தியாருக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. மாட்டு வண்டிக்காரனுக்கு ஒன்றுமே இல்லை.

அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாத்தியார் கத்தினார். "பிரேக் புடிக்கல பக்தா! மிதிச்சேன், மிதிச்சேன், புடிக்கவே இல்ல!"

அவர் பொய் சொல்லவில்லை. பிரேக்கை மிதித்ததாகத்தான் அவர் நினைத்தார். துளசிங்கம் கார் ஒன்றை மறித்து இருவரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனான். நானும் சின்னப்பனும் என் வண்டியைத் தூக்கினோம். தள்ளினால் உருளவில்லை. இரண்டாவது கியரில் கிடந்தது. நேர் ரோட்டில் இரண்டாவது கியரில் யார் போவார்கள்? டாப்பிலிருந்து இரண்டு மிதியில் இறங்கிய கியர். சின்னப்பன் பிரேக்கைக் கையால் அமுக்கிப் பார்த்தான். கச்சிதமாகப் பிடித்தது. என் முகத்தைப் பார்த்தான்.

மெட்டில்டா விழுந்த விதத்திலேயே பிழைக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாத்தியார் வீட்டுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் கூப்பிடு தூரம். தன் கால்தான் அவளைக் கொன்றது என்று தெரிந்தால் அந்த மனிதர் ஒரு ராத்திரி தாங்க மாட்டார். அப்புறம் ஞானஜோதிக்கு யார்? இதெல்லாம் யோசித்தேன். கண்ணைத் திறந்துகொண்டு சாவி எடுத்ததையும் யோசித்தேன். "கயட்டுடா" என்றேன். சின்னப்பன் பிரேக் ராடின் முனையிலிருந்த நட்டைக் கழற்றி என் கையில் வைத்தான். அது இல்லாவிட்டால் பிரேக் மிதித்தாலும் பிடிக்காது. நியூட்ரலுக்கு மாற்றி வண்டியை ஓரம் கட்டினோம்.

மெட்டில்டா அன்று சாயங்காலமே போய்விட்டாள். மறுநாள் கல்லறைத் தோட்டத்தில், சவப்பெட்டியை இறக்குவதற்கு முன்னால், நான் வாத்தியார் முன்னால் போய் நின்றேன். "பிரேக் நட்டு கயண்டு வுயுந்துடுச்சு வாத்யாரே. லூசா கீதுன்னு முன்னாடியே தெரியும். சொல்ல மறந்துட்டேன்" என்றேன்.

பாதிரியார், சொந்தக்காரர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லார் முன்னாலும் அவர் என் கன்னத்தில் அறைந்தார். காது அடைத்துக்கொண்டது. சரி, இனி இந்த ஆள் பிழைத்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றியது. பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஞானஜோதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு என்று அலைந்தேன். அபராதம் கட்டினேன். துளசிங்கம் என்னைக் கண்டால் எதிர்ப் பக்கம் போவான். சாவித் தட்டும் போச்சு, டீக்கடையும் போச்சு. என் வண்டியைக் கோணி போட்டு மூடிக் கொல்லையில் நிறுத்தினேன், பிறகு தொடவே இல்லை. சின்னப்பனைத் தவிர சரசுவுக்கு மட்டும் விஷயம் தெரியும். "நீ இன்னா பெரிய தர்மப் பிரபுவா? வாத்யார் பொண்ணு நம்ம வூட்டு வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டுப் போவுது" என்று அழுவாள்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு நாள் தாம்பரம் ஸ்டேஷனில், பீச் ரயிலுக்காக நின்ற இடத்தில், வாத்தியாரையும் ஞானஜோதியையும் நேருக்கு நேர் பார்த்தேன். அவளுக்குப் பதினாலு வயது, அப்படியே மெட்டில்டாவின் முகம். எதையோ சொல்ல வாய் திறந்தேன். "எங்க அம்மாவக் கொன்னுட்டு எப்படி அங்கிள் உங்களால சாப்பிட முடியுது?" என்று கேட்டாள். கோபமாகக்கூட கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. வாத்தியார் வண்டி வருகிறதா என்று தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், மனம் ஆறவில்லை அவருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூற்றெட்டு மே மாதம் அவர் என் வீட்டுக்கு வந்தார். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்திருக்கிறார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தலை முழுக்க நரைத்துவிட்டது. சரசு செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"ஜோதிக்கு அடுத்த மாசம் கல்யாணம் பக்தா" என்று பையிலிருந்து பத்திரிகையை எடுத்து வைத்தார். "உனக்குக் குடுக்காம இருக்க மனசு வரல. ஆனா..."

"நான் வரல வாத்யாரே. குட்த்தியே, அதுவே போதும்."

பத்திரிகையைப் பிரித்தேன். காலஞ்சென்ற திருமதி மெட்டில்டா வேதசிரோமணி என்று அச்சடித்திருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. கொல்லைப் பக்கம் கோணி மூடியிருந்த வண்டியைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்த நட்டு நல்லாத்தான இருந்துச்சு?"

நான் பத்திரிகையை மடித்து உறைக்குள் வைத்தேன்.

"எண்பத்தொம்பதுல புல்லட்ட வித்தேன்ல? விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டினேன். சேலையூர்கிட்ட நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சு. மிதிச்சேன், நின்னுடுச்சு. எந்தக் கால்ல மிதிச்சேன்னு குனிஞ்சு பார்த்தேன் பக்தா. இடது கால்."

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் தோளைத் தொடலாம் என்று கையை நீட்டினேன். அப்போதுதான் கணக்கு உறைத்தது. எண்பத்தொன்பது. அப்படியானால் ஸ்டேஷனில் அந்தப் பெண் என்னைக் கேட்டபோது இவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார். "ஜோதிகிட்ட சொல்லிடட்டுமா?"

"வேணாம் வாத்யாரே" என்றேன். "கண்ணாலம் ஆவப்போற பொண்ணு. அதுக்கு நீ ஒர்த்தன்தான் கீறே."

"சரி" என்றார்.

உடனே சொன்னார். நான் சொல்லி முடிப்பதற்குள் சொன்னார். அந்த ஒரு சொல்லில் அவர் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நான் பார்த்திருக்கவே கூடாது. மிச்சத் தண்ணீரைக் குடித்தார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். இல்லை பக்தா, சொல்லியே ஆக வேண்டும் என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். அவர் காலில் விழுந்தாவது நானே தடுத்திருப்பேன். பதினோரு வருஷத்தையும் மறந்திருப்பேன்.

வாசல் வரை கூடப் போனேன். அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டுதான் உன் சாவியை எடுத்தேன் வாத்யாரே என்ற ஒரு வரி என் வாய் வரைக்கும் வந்தது. அதைக் கேட்டிருந்தால் அவர் பாரத்தில் பாதியாவது இறங்கியிருக்கும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, எதற்கோ ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நானும் சொல்லவில்லை.