பதினான்கும் நான்கும்

லிங்கராஜபுரத்து பேக்கரி ஒன்றில் கேக்குக்கு கிரீம் பூப்போடும் நோராவுக்கு இது எட்டாம் மாதம். கடையில் கழிவறை கிடையாது என்பதால் வேலை நேரத்தில் அவள் தண்ணீர் குடிப்பதே இல்லை. அந்தப் பாவம் இப்போது பிள்ளையின் தலையில் வந்து விடிந்துவிட்டது என்று ஸ்கேன் சென்டர் வாசலில் நின்று அழுதாள்.

போன மாத ஸ்கேனில் பனிக்குடத் தண்ணீர் பதினான்கு சென்டிமீட்டர். வழக்கமான இடத்தில் மெஷின் ரிப்பேர் என்று இன்று வேறு சென்டருக்கு வந்தாள். இங்கே நான்கு என்று போட்டிருந்தார்கள். எண்ணை அச்சடித்துக் கையில் கொடுத்தார்களே தவிர, விளக்கிச் சொல்ல யாருக்கு நேரம் இருக்கிறது? மீதித் தண்ணீர் எங்கே போயிற்று?

முதல் பிள்ளைக்கும் இப்படித்தான் ஆயிற்று. ஏழாம் மாதத்தில், தண்ணீர் மூன்றுதான் இருக்கிறது, இனி தாங்காது என்று ஒரு நர்சிங் ஹோமில் அவசரமாக வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். உள்ளங்கையளவு பெண். ஃபாதர் வருவதற்குள் போய்விடும் என்று நர்ஸே நெற்றியில் தண்ணீர் ஊற்றி, சோனியா என்று ஞானஸ்நானம் கொடுத்தாள். மறுநாள் புதைத்தார்கள்.

ஸ்கூல் வேன் ஓட்டும் கணவன் ஃபிராங்க்ளினுக்கு போன் போட்டாள்.

"அழுவாத நோரா. தண்ணி குடிச்சிட்டே இரு. பசங்கள எறக்கிட்டு ஓடியாறேன்."

குடித்தாள். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர், இளநீர், மோர், குமட்டிக்கொண்டு வரும்வரை குடித்தாள். மாதாவே, இதையாவது எனக்கு விட்டுவை என்று மன்றாடினாள்.

சாயங்காலம் டாக்டர் ரமா இரண்டு ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"யாரும்மா கம்மின்னு சொன்னது? அங்க வயித்த நாலு பாகமா பிரிச்சு அளந்து, நாலையும் கூட்டிப் பதினாலுன்னு போட்டிருக்காங்க. இங்க நல்லா ஆழமா இருக்கற ஒரே இடத்த மட்டும் அளந்து நாலுன்னு போட்டிருக்காங்க. ரெண்டும் நார்மல். குழந்த ஜம்முனு இருக்கு."

நோராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஃபிராங்க்ளின் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கிளம்ப எழுந்தவள் மறுபடியும் உட்கார்ந்தாள்.

"டாக்டர், ஒரே இடத்த அளந்தா மூணு கூட நார்மலா?"

"ரெண்டுக்கு மேல இருந்தா போதும்மா. ஏன் கேக்கற?"

"எங்க சோனியாவுக்கு மூணுன்னு சொல்லித்தானே எடுத்தாங்க? அது எந்த அளவு டாக்டர்?"

அதுவரை கடகடவென்று பேசிய டாக்டர், குனிந்து, படித்து முடித்த ரிப்போர்ட்டையே மறுபடி புரட்டினார்.