அத்தான் வாங்கிய அமெரிக்க வண்டி

அந்தக் காகிதத்தின் வலது மேல்மூலையில் சாய்வாக ஒரு முத்திரை குத்தியிருந்தது. நகலுக்கு நகல் எடுத்து மங்கிப்போன, ஒரு காரின் உரிமைக் காகிதம். வளைகுடா நகரம் ஒன்றின் ஒதுக்குப்புறத்தில், கம்பிவேலிக்குள் வரிசை வரிசையாகப் பழைய கார்கள் நின்ற ஒரு விற்பனை முற்றத்தில், வெயில் கண்ணைக் கூசவைத்த ஒரு முற்பகலில் அது என் கைக்கு வந்தது. கொடுத்தவர் கார் வியாபாரி. பக்கத்தில் என் அக்காவின் கணவர், அத்தான், வெள்ளை நிறத்தில் பெரிய அமெரிக்க வண்டி ஒன்றின் முகப்பைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. அத்தானுக்கு ஆங்கிலம் ஓரளவு பேச வரும், வாசிக்க வராது. என்னை அழைத்து வந்ததே அதற்காகத்தான். வண்டியின் நிறம் என்று போட்டிருந்த வரியை முதலில் வாசித்தேன். முத்து வெள்ளை என்றிருந்தது. அத்தான் சத்தமாகச் சிரித்துவிட்டு, “பாத்தியா, நம்ம ஊருச் சரக்கு” என்றார். அவருடைய தாத்தா தூத்துக்குடியில் முத்தும் சங்கும் குளித்தவர்.

வருடம், எஞ்சின் எண், இறக்கிய துறைமுகம் எல்லாவற்றையும் வாசித்தேன். பிறகு அந்த முத்திரைக்கு வந்தேன். சால்வேஜ் என்றிருந்தது. துறைமுகத்தை ஒட்டி வளர்ந்த எனக்கு அந்தச் சொல் தெரியாமல் இல்லை. தரைதட்டிய, மூழ்கிய கப்பல்களிலிருந்து மீட்டெடுக்கும் சாமானுக்கு எங்கள் ஊரில் சொல்கிற சொல் அது. ஒரு காருக்கு அதை ஏன் போட வேண்டும் என்று யோசித்தேன். நிமிர்ந்தபோது வியாபாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான், “வேற என்னலே போட்டிருக்கு?” என்று கேட்டார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. “வேற ஒண்ணுமில்ல அத்தான்” என்றேன். அவர் எல்லோருக்கும் டீ வாங்கிவர என்னை அனுப்பினார்.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. வேலை தேடிப் போய் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். இரண்டே அறைகள். அக்காவும் அத்தானும் பத்து வயது மகளும் ஓர் அறையில், நான் மற்றதில். அத்தான் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அங்கேயும் அதே வேலைதான். அக்காவுக்கு முதலில் பேசியிருந்தது கப்பலில் அதிகாரியாக இருந்த ஒருவரை. அது தட்டிப்போய்த்தான் அத்தான் வந்தார். கல்யாணமாகிப் பல வருஷங்கள் கழிந்த பின்னும் அம்மா பேச்சுவாக்கில் அந்த அதிகாரியின் பெயரை எடுப்பாள், அவர் வாங்கிய வீட்டைப் பற்றிச் சொல்வாள். அத்தான் சிரித்துக்கொண்டே எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வருவார். அவர் அதை மனதில் வைத்துக்கொள்வதில்லை என்றே நாங்கள் நினைத்தோம்.

வண்டி தேவையாகத்தான் இருந்தது. மகளின் பள்ளிக்கூடம் தூரம், மாதா கோயில் அதைவிடத் தூரம். அந்த வெயிலில் பிள்ளையோடு டாக்சிக்கு நிற்பது பெரும்பாடு. அதே விலைக்கு ஒரு சின்ன ஜப்பான் கார் பக்கத்துத் தெருவிலேயே விற்பனைக்கு இருந்தது. ஒரு பள்ளி ஆசிரியர் நான்கு வருடம் ஓட்டியது, ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் கொடுக்கிறார். அக்கா அதைத்தான் வாங்கச் சொன்னாள். “மூணு பேருக்கு எதுக்கு இம்புட்டு பெரிய வண்டி?” என்று கேட்டாள். அத்தான் மனம் அந்த வெள்ளை வண்டியில்தான் இருந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த வண்டி, தோல் இருக்கை, சாவியில் பொத்தானை அமுக்கினால் தானே உறுமும் எஞ்சின். ஜப்பான் வண்டியின் விலைக்கு இது எப்படிக் கிடைக்கிறது என்று நாங்கள் மூன்று பேருமே வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை.

வண்டி வந்த அன்றே அக்காவை முன் இருக்கையில் உட்காரவைத்துப் படமெடுத்து ஊருக்கு அனுப்பினார். அம்மா அதை ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள் என்று கேள்விப்பட்டோம். அந்த வாரம் முழுக்க அத்தான் தரையில் கால்படாமல் நடந்தார்.

மூன்றாவது மாதத்திலிருந்து வண்டி காசு கேட்க ஆரம்பித்தது. காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் காகிதத்தைப் பார்த்துவிட்டு, விபத்து நடந்தால் எதிராளிக்கு மட்டும்தான் பணம் தருவோம், இந்த வண்டிக்குத் தரமாட்டோம் என்றார்கள். அத்தான் அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தார். பிறகு கியர்பெட்டி போனது. உள்ளூரில் சாமான் கிடையாது, அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். ஆறு வாரம் வண்டி பட்டறையில் கிடந்தது. டாக்சிக் காசு ஒரு பக்கம், பட்டறைக் கூலி ஒரு பக்கம். ஏசி போனது, அதற்கும் அதே கதை. அக்கா குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலைக்குப் போனாள். இன்னொருத்தர் பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற வேலை. அந்த வருஷம் ஊருக்கு வருவதாக இருந்தார்கள், வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. அம்மா போனில் கேட்டால், “வண்டிக்குக் கொஞ்சம் வேலை வந்துட்டும்மா” என்று அக்கா சொல்வாள். வீட்டில் நோயாளி ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும் அவள் குரல்.

ஒருமுறை என்னிடம் மட்டும் சொன்னாள். “ஏலே, வித்துருவோம்னு சொன்னா மூஞ்சி செத்துப்போவுது அவுகளுக்கு. எங்கம்மா வாயிதான் அந்த வண்டிய வாங்க வச்சிது. நான் என்னத்தச் சொல்ல?”

அந்த ஊரில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, பூசையும் அன்றைக்குத்தான். அப்போது நான் வேலை கிடைத்து வேறு அறைக்கு மாறியிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர்கள் கோயிலுக்குப் போகும் வழியில் முன்னால் போன தண்ணீர் லாரி திடீரென்று நின்றது. அத்தான் பிரேக் போட்டிருக்கிறார், ஓரளவுக்கு வேகமும் குறைந்திருக்கிறது, ஆனாலும் லாரியின் பின்னால் மோதிவிட்டது. அத்தானுக்குத் தோள்பட்டை முறிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மகளுக்கு நெற்றியில் ஒரு வெட்டு. முன் இருக்கையில் இருந்த அக்கா பெல்ட் போட்டிருந்தும் மாலைக்குள் இறந்துபோனாள். ஆஸ்பத்திரியில் இருந்த மலையாளி டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, இந்த வேகத்துக்கு இப்படி ஆகியிருக்கக் கூடாது, வண்டியில் ஏர்பேக் வேலை செய்யவில்லையா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

இரண்டு நாள் கழித்து, வண்டியில் கிடந்த பொருள்களை எடுக்கப் போலீஸ் முற்றத்துக்குப் போனேன். அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் டாஷ்போர்டு பிளந்து கிடந்தது. ஏர்பேக் இருக்க வேண்டிய பள்ளத்தில் கிழிந்த சாக்கும் பழந்துணியும் திணித்திருந்தார்கள். மேலே பிளாஸ்டிக்கை ஒட்டி, சாயம் அடித்து, புதிதுபோல ஆக்கியிருந்தார்கள். என்னோடு வந்த பட்டறைக்காரர் ஸ்டியரிங்கின் நடுமூடியைக் கழற்றிக் காட்டினார். அங்கேயும் அப்படித்தான். அமெரிக்காவில் விபத்தில் அடிபட்டு, இனி ஓட்ட லாயக்கில்லை என்று கழித்துக் கட்டிய வண்டிகளை ஏலத்தில் எடுத்துக் கப்பலேற்றி, இங்கே தட்டி நிமிர்த்தி விற்பார்கள் என்று அவர்தான் விளக்கினார். “காகிதத்துல சால்வேஜ்னு முத்திரை இருக்குமே தம்பி, பாக்கலையா?” என்றார். நான் அக்காவின் செருப்புகளையும் ஜெபமாலையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு செருப்பு இருக்கைக்கு அடியில் மாட்டியிருந்தது. அதை எடுக்க வெகுநேரம் ஆனது.

வண்டியை ஓட்டியவர் என்பதால் அத்தான் மேல் வழக்கு. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மனைவியின் உடலோடு ஊருக்கு வர அவரால் முடியவில்லை. நானும் மகளும் திருவனந்தபுரம் வரை விமானத்தில் வந்து, அங்கிருந்து ஆம்புலன்சில் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தோம். கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தபோது அத்தான் பார்ப்பதற்காக வீடியோவில் அழைத்துப் போனைத் தூக்கிப் பிடித்தேன். வெயிலில் திரை கறுப்பாகத் தெரிந்தது, அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. குழியைச் சுற்றி நின்றவர்களின் கால்களை மட்டும்தான் பார்த்தேன் என்று பிற்பாடு சொன்னார்.

அவர் வந்துசேர ஐந்து மாதமானது. வழக்கு இரண்டே மாதத்தில் அபராதத்தோடு முடிந்துவிட்டது. மீதி மாதங்கள் வண்டிக்காக. பெயரில் ஒரு வண்டி இருக்கும்வரை அந்த நாட்டை விட்டுக் கிளம்ப முடியாது. பதிவை ரத்துசெய்ய வேண்டும், அதற்கு நொறுங்கிய வண்டி முற்றத்தில் நின்ற நாட்களுக்கெல்லாம் வாடகை கட்ட வேண்டும். அதைக் கட்டுவதற்காக உடைந்த தோளோடு பண்டகசாலை ஒன்றில் சரக்கு எண்ணினார். கடைசியில் வண்டியை ஏலம் விட்டார்களாம். எடுத்தவன் இரும்புக்கு எடுக்கவில்லை, மறுபடி தட்டி ஓட்டத்தான் எடுத்தான் என்று அத்தான் சொன்னபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை.

இது நடந்து ஒன்பது வருஷமாகிறது. அவர் வருவதற்கு முன்பே நானும் அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் சுங்க அனுமதி வாங்கித் தரும் அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். நாள் முழுக்கக் காகிதம் வாசிக்கிற வேலை. முத்திரை, அடிக்குறிப்பு, பின்பக்கத்துப் பொடி எழுத்து எதையும் விடமாட்டேன் என்று அலுவலகத்தில் எனக்கு நல்ல பெயர். அத்தான் கண்டெய்னர் கிடங்கு ஒன்றின் வாசலில் உட்கார்ந்து லாரி எண்களைக் குறிக்கிறார். தோள் சரியாகாததால் பிறகு அவர் கிரேன் ஏறவில்லை. மகள் நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள்.

அத்தானிடம் சொல்லிவிட வேண்டும் என்று வருஷா வருஷம் நினைப்பேன். நவம்பரில் வரும் ஆத்மாக்கள் திருநாளுக்கு முந்தைய நாள் நாங்கள் மூவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அக்காவின் கல்லறைக்கு வெள்ளையடிப்போம். குருசில் இருக்கும் பெயருக்குக் கறுப்பு வர்ணம் தீட்டுவது மகளின் வேலை. போன வருஷம் அவள் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்தபோது, ஏன் அன்றைக்கு என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன். காகிதத்தில் அந்தச் சொல் இருந்தது, நான் பார்த்தேன், வாசிக்காமல் விட்டேன் என்றேன்.

அத்தான் வெள்ளையடிக்கும் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி, கல்லறையின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு இழுத்தார்.

“நீ டீ வாங்கப் போனேல்லா மாப்ள. அப்ப அவன் எல்லாத்தையும் சொல்லிட்டான்” என்றார். “அடிபட்ட வண்டி, ஏர்பேக் பலூன் ரெண்டும் வெடிச்சிப் போச்சு, வேணும்னா புதுசு போட்டுத் தாரேன், அதுக்குத் தனியா துட்டு ஆவும்னான். நாந்தான் பொறவு பாத்துக்கிடலாம்னுட்டேன். பொறவு கியர்பெட்டி வந்துட்டு, ஏசி வந்துட்டு.” இன்னோர் இழுப்பு இழுத்தார். “உங்கக்காட்ட சொல்லல. சொல்லியிருந்தா முன்னால உக்காந்திருக்க மாட்டா.”

அத்தனை வருஷமாக நெஞ்சில் இருந்த கல் அந்தக் கணத்தில் இறங்கியது. உள்ளதைச் சொல்ல வேண்டும், எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். என் அக்காவின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தப்பு என்னுடையது மட்டுமல்ல என்று மூச்சுவிட்டேன். அந்த மூச்சை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நான் அந்தச் சொல்லை வாசித்திருந்தால் அத்தானால் அதை அக்காவிடம் மறைத்திருக்க முடியாது. வீட்டுக்குப் போனதும் நானே சொல்லியிருப்பேன். அது பிறகுதான் உறைத்தது.

திரும்பினால் மகள் வாளியோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அத்தான், “தண்ணிய அங்கன வையிளா” என்றார். அவள் வைக்கவில்லை.

“எவ்வளவு கேட்டான்?” என்றாள்.

அத்தான் புரியாததுபோல அவளைப் பார்த்தார். அவள் அதே குரலில் மறுபடியும் கேட்டாள்.

“நாலு டயரு வெலதான்ளா” என்றார் அத்தான்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். கறுப்பு வர்ண டப்பாவைத் திறந்து, மெல்லிய தூரிகையை எடுத்து, அம்மாவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தீட்டினாள். எப்போதும்போல ஓரம் பிசகாமல்தான் தீட்டினாள். முடித்ததும் தூரிகையைத் துடைத்து வைத்துவிட்டு, எங்களுக்காகக் காத்திருக்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். மறுநாள் குருவானவர் கல்லறைகளை மந்திரிக்கும் சடங்குக்கு நானும் அத்தானும் மட்டும்தான் போனோம்.

அதன்பிறகு ஏழு வாரம் அவள் அப்பாவின் போனை எடுக்கவில்லை. என்னுடையதையும் எடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பகலில் பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். அத்தான் காலையிலேயே மீன் வாங்கிவந்து குழம்பு வைத்திருந்தார். அவள் முகம் கழுவிவிட்டு வந்து மூன்று தட்டு எடுத்துவைத்து, அவருக்கும் எனக்கும் சோறு போட்டாள். தனக்கும் போட்டுக்கொண்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். அத்தான் தன் தட்டிலிருந்த மீன் துண்டில் பெரியதை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முள்ளைப் பிரித்துப் பிரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்து, மெதுவாகச் சாப்பிட்டாள்.