படிக்கட்டு வரையும் புரோகிராம்

எட்டாம் வகுப்போடு நின்று, கப்பல் பட்டறை, காப்பிக்கடை என்று அலைந்தவன் நான். எண்பதுகளின் இறுதியில் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை கிடைத்தது. மாடி உயரத்தைக் கொடுத்தால் படிக்கட்டு முழுவதையும் கணினியில் தானே வரைந்துவிடும் புரோகிராம் ஒன்று அங்கே இருந்தது. அரை நாள் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் ஒரு கடைவீட்டுக்கு அப்படி வரைந்து, கட்டுமானத்துக்கு அனுப்பக் கிளம்பினேன்.

உடன் வேலை பார்த்த பிலோமினா ஆறடி உயரம். தாளைப் பிடுங்கி அளவுகோலை வைத்தாள்.

"மேல போற பீமைப் பார்த்தியா? ஒன்பதாவது படியில என் தலை இடிக்கும் லா. நீ குள்ளம், தப்பிச்சிருவ."

புரோகிராமுக்குப் படிதான் தெரியும், உத்திரம் தெரியாது. அப்படியே கட்டியிருந்தால் என் வேலை போயிருக்கும்.

இன்றும் அந்தப் புரோகிராமைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒவ்வொரு படியிலும் பிலோமினா உயரத்துக்கு ஒரு கோடு நிறுத்திப் பார்க்கிறேன். அவளுக்கு இடிக்காவிட்டால் சிங்கப்பூரில் யாருக்கும் இடிக்காது.