பெர்சிதா அக்கா தாண்டிய பாட்டில்கள்

எங்கள் பெர்சிதா அக்காவின் பாவாடைக்குப் பன்னிரண்டு முழம் துணி வேண்டும். மடிப்பு மடிப்பாகக் கணுக்கால் வரைக்கும் இறங்கும். அவள் முற்றத்தில் சட்டென்று திரும்பினால் கோழிகள் தெறித்து ஓடும். சிபியு ஊருக்கு வெளியே எங்கள் ரோமா சனங்களின் தெருவில் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் உடுத்துகிறோம். ஆனால் பாவாடையை ஆயுதமாக வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் தீட்டு. பாவாடை விளிம்பு ஒரு தட்டில் பட்டால் அந்தத் தட்டு குப்பைக்குப் போகும். சாப்பிடுகிற, குடிக்கிற சாமானை ஒரு பெண் தாண்டிவிட்டால் அப்புறம் யாரும் அதை வாயில் வைக்கமாட்டார்கள். அதனால் நடை பழகும்போதே பாவாடையை இடுக்கிப் பிடிக்கவும் பழகிவிடுவோம். அக்காவும் பழகினாள். எந்த நேரத்தில் அதை மறந்ததுபோல நடக்கவேண்டும் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

நாங்கள் மூன்று பெண்கள். பெர்சிதா, வொய்க்கா, கடைசியில் சவேத்தா என்கிற நான். அம்மா இறந்துபோனபோது அக்காவுக்குப் பதினெட்டு வயது. அன்றிலிருந்து வீடு அவள் கையில். அப்பா ஸ்டான்கு, வீட்டுக் கூரைகளில் மழைத்தண்ணீர் வடியத் தகரத் தூம்பு அடிக்கிறவர். ஊரில் பாதி வீட்டுத் தூம்பு அவர் அடித்ததுதான். ஆனால் ஒன்று, ஏணியில் அவர் ஏறினால் கீழே அக்கா பிடித்துக்கொள்ள வேண்டும். வேறு யார் பிடித்தாலும் மனிதருக்குக் கால் வெடவெடவென்று நடுங்கும். நான் ஒருமுறை பிடித்தேன். மூன்றாவது படியிலேயே இறங்கி வந்து, "போயி அக்காவைக் கூட்டிட்டு வா" என்றார்.

எங்களில் பெண் கேட்க நீட்டி முழக்க வேண்டியதில்லை. பிளம் சாராயப் பாட்டிலுக்குப் பட்டுத் துணி சுற்றி, அதன் கழுத்தில் தங்கக் காசு மாலை போட்டு, மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருவார்கள். பெண்ணின் அப்பா அதில் ஒரு மடக்குக் குடித்துவிட்டால் பெண்ணைக் கொடுத்துவிட்டார் என்று பொருள். விழுங்கியதைத் துப்பமுடியாது. எங்கள் அப்பாவோ பாட்டிலைக் கண்டால் மாப்பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காத ஆள். இப்போது எங்கள் கஷ்டம் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

முதல் பாட்டில் வொய்க்காவுக்கு வந்தது. குதிரைச் சந்தையில் கம்பளம் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளைக்கு முன்பல் இரண்டும் தங்கம். அத்தனை பேர் நடுவில் பெற்ற தாயை, காபி ஆறிவிட்டது என்று வாய்க்கு வந்தபடி திட்டினான். வொய்க்கா வண்டிக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினாள். அக்கா அதைப் பார்த்தாள். கொதிக்கிற காபிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று குறுக்கே நடந்தாள். பன்னிரண்டு முழமும் கம்பளத்தில் இருந்த பாட்டிலின் தலைமேல் போனது. அப்பா அப்போதுதான் கையை நீட்டியிருந்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. வந்தவர்கள் முகம் சிவந்து எழுந்து போனார்கள். சம்பந்தம் போனதற்கு அப்பா வருந்தவில்லை, நல்ல சாராயம் போனதற்குத்தான் ஒரு வாரம் புலம்பினார்.

இரண்டாவது பாட்டில் எனக்கு. பையனை நான் பார்த்ததுகூட இல்லை. அவன் வீட்டில் இரண்டு வேன் இருந்தது, அது போதும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். எனக்கோ அடுத்த தெருவில் அக்கார்டியன் வாசிக்கிற வலேரின்மேல் கண். அக்காவிடம் போய் அழுதேன். "மூக்கைத் தொடைச்சுக்கோ. பாட்டிலை எங்க வைக்கிறாங்கன்னு மட்டும் பாத்துச் சொல்லு" என்றாள். வாசல்படியில் வைத்தார்கள். அவ்வளவுதான், முடிந்தது.

அதற்கப்புறம் பேர் பரவிவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பாட்டில் கொண்டுவருகிறவர்கள் அதைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்கள். ஒரு பெரியவர் குதிரை வண்டியை விட்டு இறங்கவே மாட்டேன் என்றார். பேச்சு முழுவதும் மேலே இருந்தபடியே நடந்தது. கடைசியில் வொய்க்காவுக்கும் எனக்கும் நாங்கள் ஆசைப்பட்ட இடத்திலிருந்தே பாட்டில் வந்தது. அந்த இரண்டு நாளும் அக்கா பாவாடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் தொண்டைக்குழி ஏறி இறங்குகிற வரைக்கும் சுவரோடு சுவராக நின்றாள்.

அவளுக்கு மட்டும் ஒருவரும் கொண்டுவரவில்லை. பயம். முப்பத்தொரு வயது ஆகியும் கல்யாணமான பெண்கள் கட்டுகிற தலைத்துணி இல்லாமல் வெறுந்தலையோடு இருந்தாள். யாராவது கேட்டால், "அந்தச் சாராயத்தை யாரு வீணாக்குறது" என்று சிரிப்பாள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். எங்களுக்காகக் கெட்ட பேர் வாங்கியவள் இப்படி நிற்கிறாளே என்று.

அந்த ஏப்ரலில்தான் மிலோஷ் வந்தான். சந்தை சந்தையாக வேனில் கம்பளம் விற்கிறவன். மனைவி இறந்து ஐந்து வருஷம். பேச்சு கம்மி, கூச்சம் அதிகம். வீட்டுத் தூம்பு விழுந்துவிட்டது என்றான். அப்பா போய் அடித்துக் கொடுத்தார், அக்கா ஏணியைப் பிடித்தாள். மே மாதம் மறுபடி விழுந்தது. ஜூனில் இரண்டு தடவை. அந்தக் கோடையில் எங்கள் பக்கம் ஓர் இலைகூட ஆடவில்லை. மூன்றாவது தடவை நானும் கூடப் போனேன். விழுந்து கிடந்த தகரத்தைப் புரட்டிப் பார்த்தால் சுத்தியல் அடித்த தழும்பு பளிச்சென்று தெரிந்தது. அக்காவிடம் காட்டினேன். அவள் தகரத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு, "காத்து" என்றாள். காது மடல் வரைக்கும் சிவந்திருந்தாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் கோழி உரித்துக்கொண்டிருக்கும்போது அவளே வாய்விட்டுச் சொன்னாள். "சவேத்தா, எனக்கு அவனைப் பிடிச்சிருக்கு. ஆனா என் பாவாடைக்குப் பயந்துக்கிட்டு அவன் பாட்டில் கொண்டு வராமலே போயிட்டா?" அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். நேராக மிலோஷ் வீட்டுக்குப் போய், இனிமேல் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுப் பாட்டிலைக் கையில் எடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பரில் மரியாள் திருநாளுக்கு மறுநாள் வந்தான். அவனுக்கு அப்பா இல்லாததால் பேசுவதற்குப் பெரியவர் ஃபெர்க்காவைக் கூட்டி வந்தான். எங்கள் தெருவில் எந்தப் பஞ்சாயத்தானாலும் கடைசிச் சொல் ஃபெர்க்காவுடையது. முற்றத்தில் மேசை போட்டுச் சொந்தக்காரர்கள் இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். நீலப் பட்டு சுற்றிய பாட்டிலை ஃபெர்க்கா அப்பா கையில் கொடுத்தார்.

அப்பா குடிக்கவில்லை. பட்டின் நிறத்தைப் புகழ்ந்தார். கம்பள வியாபாரம் எப்படி என்றார். இந்த வருஷம் மழை எப்படி இருக்கும் என்றார். என் வாழ்நாளில் அவர் ஒரு பாட்டிலை அவ்வளவு நேரம் மூடியோடு வைத்திருந்து நான் பார்த்ததே இல்லை. பிறகு அதைத் தரையில், தன் நாற்காலிக் காலோரம், சமையலறை வாசல் பக்கமாக வைத்தார்.

அதே நேரம் அக்கா உள்ளேயிருந்து வந்தாள். முட்டைக்கோஸ் இலையில் சுற்றி வேகவைத்த கறி, பெரிய தாம்பாளம் நிறைய. அதற்குமேல் அவளுக்கு வானம்தான் தெரிந்திருக்கும், தன் கால் எங்கே தெரியும்? நான் கத்துவதற்குள் தாண்டிவிட்டாள்.

எல்லார் கண்ணும் பாட்டிலுக்குப் போனது. வொய்க்கா மட்டும் பழைய பழக்கத்தில் களுக்கென்று சிரித்தாள். இதுவும் வேண்டுமென்றே செய்ததுதான் என்று நினைத்துவிட்டாள், பைத்தியக்காரி. மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அக்கா குனிந்து பாட்டிலைப் பார்த்தாள்.  

மிலோஷ் எழுந்தான். "வேணாம்னுதான் தாண்டுனியா?" என்றான்.

"இல்ல. தெரியாம தாண்டிட்டேன். இந்த ஒரு பாட்டிலுக்காகத்தான் நாலு மாசமா காத்துக்கிட்டிருந்தேன்."

இருபது பேர் நடுவில் ஒரு பெண் இப்படிச் சொல்வது எங்கள் தெருவில் வழக்கமில்லை. அவள் சொன்னதை மிலோஷ் கேட்டுக்கொண்டான். பிறகு நடந்து வந்து, கீழே இருந்த பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, எல்லாரும் பார்க்க ஒரு மடக்குக் குடித்தான்.

நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்டன. அவன் பக்கத்தில் இருந்தவர் தன் தட்டையும் கிளாசையும் தூக்கிக்கொண்டு மேசையின் மறு கோடிக்குப் போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். இனி எந்த வீட்டிலும் அவனுக்குத் தட்டு போடமாட்டார்கள். எந்தச் சந்தையிலும் எங்கள் ஆட்கள் அவனோடு உட்கார்ந்து ஒரு காபி குடிக்கமாட்டார்கள். தன்னை வேண்டும் என்று சொன்ன பெண்ணுக்காக அத்தனையையும் ஒரு மடக்கில் விட்டுவிட்டு, மேசையின் இந்தப் பக்கம் தனியாக நின்றான். 

அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அவர் குரல் சன்னமாகத்தான் வந்தது.

"எல்லாரும் உக்காருங்க. பாட்டிலைக் கீழ வச்சது நான். அவ அந்த வழியாத்தான் வருவான்னு தெரியும். தெரிஞ்சுதான் வச்சேன்."

"ஏம்ப்பா?" என்றாள் அக்கா.

"நீ போயிட்டா ஏணியை யாரு புடிப்பா?"

கோபப்படத்தான் பார்த்தேன். வரவில்லை. அக்கா தாம்பாளத்தை மேசையில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். எல்லாரும் ஃபெர்க்காவின் பக்கம் திரும்பினார்கள். அவர் மீசையை முறுக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஒரு கோஸ் உருண்டையை எடுத்துத் தின்று முடித்தார்.

"பாவாடை தானா போகல. போக வச்சிருக்கான். அப்ப தீட்டு வச்சவனைச் சேரும், குடிச்சவனைச் சேராது," என்றார். "வச்சவனே குடிச்சுத் தீக்கட்டும். ஸ்டான்கு குடிச்சா பையன் சுத்தம்."

இப்படி ஒரு சட்டம் எங்களில் உண்டா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அன்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா பாட்டிலை வாங்கினார். குடித்தால் தீட்டு தீரும், பெண்ணும் போய்விடுவாள். கொஞ்ச நேரம் நீலப் பட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அண்ணாந்தார்.

பாதிப் பாட்டில் காலியானதும் வொய்க்கா பொறுக்கமுடியாமல், "ஒரு மடக்கு போதும்ப்பா" என்றாள். அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு, "தீட்டு நல்லா போகணும்ல" என்று மறுபடியும் அண்ணாந்தார். மறுகோடிக்குப் போனவர் தட்டோடு திரும்பி வந்து மிலோஷ் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஃபெர்க்காவின் மனைவி அக்காவின் தலையில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டாள்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. அக்கா இப்போது வேனில் அரைமணி நேரத் தொலைவில் இருக்கிறாள். கம்பளம் விற்கிறாள். மிலோஷைப் பேசவிடாமல் அவளே பேசி விற்கிறாள். சந்தையில் வாங்க வருகிறவர்கள் அவள் பாவாடைக்கு இரண்டடி தள்ளித்தான் நிற்கிறார்கள்.

அவள் போனபின் வந்த முதல் வசந்தத்தில் எங்கள் வீட்டுத் தூம்பு விழுந்தது. அப்பா கையால் அடித்த தூம்பு, இருபது வருஷமாக அசையாதது. நான் பிடிக்கிறேன், ஏறுங்கள் என்றேன். கேட்கவில்லை. அக்காவுக்கு ஆள் அனுப்பினார். அவள் வந்து பிடித்தாள், சரியானது. அடுத்த மாதம் மறுபடி விழுந்தது. நான் சும்மா இருப்பேனா? தகரத்தைப் புரட்டிப் பார்த்தேன். அக்கா வேனை விட்டு இறங்கியதும் இழுத்துக்கொண்டு போய்ச் சுத்தியல் தழும்பைக் காட்டினேன். அப்பா ஏணிப் பக்கத்தில் நின்றுகொண்டு வேறு எங்கோ பார்த்தார்.

அக்கா தகரத்தைத் திருப்பிப் போட்டாள்.

"காத்துதான்" என்றாள். பாவாடையை இடுக்கிக்கொண்டு போய் ஏணியைப் பிடித்தாள். அப்பா ஏறினார்.